வாழை நாரில் தொடங்குங்கள்: டர்பனில் பாலிமர், காம்போசிட் ஆய்வுக்கு வருபவர்களுக்கு

பூ கட்டும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வாழை நார் புதிதல்ல. காய்ந்த நாரை அப்படியே எடுத்து முடிச்சுப் போட்டால் பட்டென்று அறுந்துவிடும். தண்ணீரில் நனைத்து, பிழிந்து, விரலிடுக்கில் ஒருமுறை உருவிவிட்டால் சொன்னபடி வளையும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருக்கும் தெருவில் ஓர் ஆன்ட்டி வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குச் சாமந்தி கட்டுவார். கொல்லையில் நாலைந்து வாழை நிற்கிறது. புரட்டாசி விரதத்துக்கு இலை, கோயிலுக்கு நார், எல்லாம் அங்கிருந்துதான். முதன்முதலாக நான் நார் கேட்டுப் போனபோது ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார். “காய விடாதே தம்பி, காஞ்சா போச்சு” என்றார். “எனக்குக் காய்ந்ததுதான் வேணும் ஆன்ட்டி, எலும்பு மாதிரி காயணும்” என்றேன். அவருக்கு அது விநோதமாக இருந்தது.

இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தண்ணீரைப் பற்றியதுதான். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுக்காக டர்பனுக்கு வருபவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போது இந்தத் துறைக்குள் கால் வைக்கும் பிள்ளைகள், இருவரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வந்த முதல் வாரமே கார்பன் நானோகுழாய், கிராஃபீன் என்று பேசத் தொடங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் யோசனை வேறு. முதல் மாதத்தில் கையால் ஒரு வாழை நார்த் தகடு செய்யுங்கள், அதை உடையுங்கள், உடைந்த முகத்தைப் பாருங்கள். அதில் கற்றது கடைசிவரை கைகொடுக்கும்.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம்

பாலிமர் என்றால் சிறு மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பெரிய மூலக்கூறு. பாலித்தீன் பை, நைலான் கயிறு, ரப்பர், அரிசியில் உள்ள மாவுச்சத்து, வாழை நாரில் உள்ள செல்லுலோஸ், எல்லாமே பாலிமர்தான். காம்போசிட் என்பது ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு பொருள்களைச் சேர்த்து, தனித்தனியாக இரண்டிடமும் இல்லாத பலனைப் பெறுவது. மண் சுவருக்கு வைக்கோல் கலந்து குழைத்தார்களே, அது காம்போசிட். பழைய வீடுகளின் கறுப்பு பேக்கலைட் சுவிட்ச் கூட அப்படித்தான். 1907-ல் லியோ பேக்கலாண்ட் உருவாக்கிய அந்தப் பிசினில் மரத்தூளைக் கலந்துதான் பெரும்பாலும் வார்த்தார்கள்.

செயல்பாட்டுப் பாலிமர் என்றால்? பாரம் தாங்குவதோடு நிற்காமல் வெப்பத்துக்கோ ஈரத்துக்கோ மின்சாரத்துக்கோ பதில் சொல்லும் பாலிமர். இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. குழந்தைக்குக் கட்டும் டயப்பர் ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கும் வெள்ளைத் துகளை ஒரு டம்ளரில் தட்டுங்கள். அது சோடியம் பாலிஅக்ரிலேட். தண்ணீர் ஊற்றுங்கள், தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு தண்ணீரைக் குடித்து, ஜவ்வரிசிக் கஞ்சி போலக் கட்டியாகிவிடும். இப்போது ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கிளறுங்கள். கட்டி தளர்ந்து தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும். சங்கிலியில் உள்ள மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அது விரிந்து தண்ணீரை வாங்கியது. உப்பு அந்தத் தள்ளுதலை மறைத்துவிடுகிறது.

சரி, இனி தகடு.

நார் எடுத்தல்

குலை தள்ளி அறுத்த பிறகு அந்த வாழை எப்படியும் பட்டுப்போகும், அதனால் அதன் தண்டை வெட்டினால் யாருக்கும் வருத்தமில்லை. மட்டைகளை ஒவ்வொன்றாக உரியுங்கள். மிக வெளியே இருப்பது முரட்டு நார், மிக உள்ளே இருப்பது வலுவில்லாத நார். நடு மட்டைகள்தான் நமக்கு. பலகைமேல் மட்டையைக் கிடத்தி, மழுங்கிய கத்தியால் ஒரே திசையில் அழுத்தி வழித்தால் சதை கழன்று நார் தங்கும். மட்டை எடையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் நாராகத் தேறும், அதனால் ஒரு தண்டு முழுவதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சதை ஒட்டிய நாரைச் சோம்பலில் விட்டுவைக்காதீர்கள். அந்தச் சதைதான் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும் இடம்.

வாழை கிடைக்காவிட்டால் சைசல் கயிற்றைப் பிரித்துக்கொள்ளலாம், கோணிச் சாக்கின் சணலையும் எடுக்கலாம். டர்பனுக்கு வடக்கேயும் தெற்கேயும் கரும்புக் காடு. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் வந்திறங்கியதும் அந்தக் கரும்புக்காகத்தான். அதன் சக்கையும் நல்ல மூலப்பொருள். ஆலைகள் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அரைக்கும், அப்போது கேட்டால் கிடைக்கும். ஆனால் சக்கை நார் குட்டையானது, நடுவே சோறு போன்ற பஞ்சும் கலந்திருக்கும். ஆலையிலிருந்து வரும்போது பாதி எடை தண்ணீராகவே இருக்கும். பழகிய பிறகு அதற்குப் போங்கள். தென்கரையில் செசேலா ஆலை கரும்புச் சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளை எடுத்துவந்த ஆலை. அந்த ஃபர்ஃபுராலை ஃபர்ஃபுரைல் ஆல்கஹாலாக்கி அதிலிருந்து பிசினே செய்யலாம். நாரும் கரும்பு, பிசினும் கரும்பு என்று ஒரு தகடு செய்வது இந்த ஊரில் நினைத்துப் பார்க்கக்கூடிய ஆய்வுதான்.

சோடாவில் ஊறவைத்தல்

நாரின் மேல்பரப்பில் மெழுகு, பெக்டின், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று பலதும் பூசியிருக்கும். அதன்மேல் பிசின் ஒட்டாது, எண்ணெய் பூசிய தோலில் பிளாஸ்திரி ஒட்டாததுபோல. காஸ்டிக் சோடா அந்தப் பூச்சைக் கரைத்து, மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கும். 1844-ல் ஜான் மெர்சர் பருத்தியில் கண்டுபிடித்த வேலை இது. இன்றும் துணித் தொழிலில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா. எப்போதும் தண்ணீரில் சோடாவைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதைத் தின்று ஹைட்ரஜனை வெளியிடும். பிளாஸ்டிக் வாளி போதும். கடையில் சாக்கடை அடைப்புக்கு விற்பதை வாங்கினால், அது வெறும் காஸ்டிக் சோடாதானா, வேறு கலப்பு உண்டா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

60 கிராம் நாரை அதில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், கரைந்து வருவது அதுதான். நேரம் கூட்டினால் இன்னும் நன்றாகும் என்று ராத்திரி முழுக்க விட்டால் செல்லுலோஸே பலவீனமாகிவிடும். அப்புறம் ஓடும் தண்ணீரில் அலசி, கடைசி வாளியில் இரண்டு கரண்டி வினிகர் விட்டு, லிட்மஸ் தாள் நிறம் மாறாமல் நிற்கும்வரை கழுவுங்கள். ஆய்வகத்தில் எஃப்.டி.ஐ.ஆர். கருவி (பொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று படமாகக் காட்டுவது) இருந்தால் ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் எடுத்துவையுங்கள். முன்பு 1730 செ.மீ.⁻¹-க்கு அருகே தெரிந்த ஹெமிசெல்லுலோஸின் முகடு பின்னர் மறைந்திருக்கும் அல்லது நன்றாகக் குறைந்திருக்கும். வேலை நடந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

காயவைத்தல்

இந்தப் படியில்தான் டர்பன் நம்மைச் சோதிக்கும், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

என் முதல் தகட்டை ஒரு பிப்ரவரியில், இங்கே கோடையில், செய்தேன். நாரை ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) காயவைத்து, எடுத்து, மேசைமேல் தாளில் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை தொட்டுப் பார்த்தேன், காய்ந்ததாகத்தான் தோன்றியது. பிசின் ஊற்றிச் செய்த தகடு பால் கலந்ததுபோல் வெளுத்து, உள்ளே குண்டூசித் தலை அளவில் குமிழ்களோடு வந்தது. வளைத்தபோது பிசின் ஒரு பக்கம், நார் ஒரு பக்கம் என்று பிரிந்தது. அதே அளவுகளோடு ஜூலையில் செய்த தகடு தெளிவாக, கெட்டியாக இருந்தது. குளிர்காலக் காற்று உலர்ந்திருந்ததைத் தவிர வேறெதுவும் மாறவில்லை.

காரணம் செல்லுலோஸின் உடம்பிலேயே இருக்கிறது. அதன் சங்கிலி நெடுக ஹைட்ராக்சில் கைகள். அவை தண்ணீர் மூலக்கூறைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். சாதாரண அறைக் காற்றிலேயே தாவர நார் தன் எடையில் 8 முதல் 12 சதவீதம் வரை ஈரத்தை வைத்திருக்கும். டர்பன் கோடையில் இன்னும் கூடும். கைக்கு அது தெரியவே தெரியாது. பிசின் இறுகும்போது சூடாகும், அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகிக் குமிழாகும். எப்பாக்சி என்ற பிசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஈரக் காற்றோடு சேர்ந்தால் மேலே வெள்ளைப் படலம் கட்டும். எல்லாவற்றையும்விட, நாரும் பிசினும் கைகோக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுப்பை 80 டிகிரி செல்சியஸில் வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். எடுத்து எடை பாருங்கள், திரும்ப வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடை பாருங்கள். இரண்டு எடையும் 0.1 கிராமுக்குள் ஒத்துப்போனால்தான் காய்ந்ததென்று அர்த்தம். சூட்டோடு ஜிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து மூடுங்கள். பிசின் கலந்து தயாராகும்வரை பையைத் திறக்க வேண்டாம்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். அடுப்பிலிருந்து எடுத்த 20 கிராம் நாரைத் தராசின் மேலேயே திறந்து வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். கண்முன்னாலேயே எண் ஏறும். என்னிடம் வருபவர்களுக்கெல்லாம் முதல் நாள் இதைத்தான் காட்டுகிறேன்.

மின்வெட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் அது மிக மோசமாக இருந்தபோது, நள்ளிரவில் அடுப்பு அணைந்து, காலையில் வந்து பார்த்தால் நார் மறுபடி ஈரம் குடித்திருக்கும். அடுப்பு எத்தனை மணிக்கு அணைந்தது என்று தெரியாவிட்டால் அந்த நாரைக் காய்ந்ததாக எண்ணாதீர்கள், முதலிலிருந்து காயவையுங்கள்.

கணக்கு

ஊற்றுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். அச்சின் அளவு 200 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் என்றால் கன அளவு 160 கன செ.மீ. அதில் 20 சதவீதம் நார் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 32 கன செ.மீ. நாரின் அடர்த்தியை ஒரு கன செ.மீ.-க்கு 1.35 கிராம் என்று எடுத்தால் 43 கிராம் நார். மீதி 128 கன செ.மீ. எப்பாக்சி, அடர்த்தி 1.15 என்றால் 147 கிராம். கிண்ணத்திலும் தூரிகையிலும் ஒட்டிப் போவதற்காகக் கூட்டி, 165 கிராம் கலக்குங்கள். டப்பாவில் நூறுக்கு முப்பது என்று போட்டிருந்தால் 127 கிராம் பிசின், 38 கிராம் ஹார்ட்னர். விகிதம் எடையிலா, அளவிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பவர்கள் உண்டு. எப்பாக்சியில் ஹார்ட்னரும் சங்கிலியின் பாகம். மிஞ்சியது இணையில்லாமல் உள்ளேயே நின்று தகட்டை மென்மையாக்கும்.

பாலியெஸ்டர் பிசின் விஷயம் வேறு. சர்ஃப் பலகையும் படகும் செய்பவர்கள் வாங்கும் கடைகளில் அதுதான் மலிவாகக் கிடைக்கும். அதற்கு ஒன்றிரண்டு சதவீதம் பெராக்சைடு வினையூக்கி போதும். அந்தப் பெராக்சைடும் கோபால்ட் முடுக்கியும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றொன்று. இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். புதியவர்களுக்கு எப்பாக்சியே நல்லது, ஆனால் வெறுங்கையால் தொடக் கூடாது. ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க எப்பாக்சி பக்கமே போக முடியாமல் ஆகலாம். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

வார்த்தல்

தடிமனான கண்ணாடித் தகடு இரண்டு எடுத்து, மெழுகை மூன்று முறை பூசித் துடையுங்கள். ஓரங்களில் 4 மி.மீ. உயரத்துக்குச் சட்டம். பிசினையும் ஹார்ட்னரையும் மெதுவாக, அடி ஓரமெல்லாம் வழித்து, மூன்று நிமிடம் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்று ஏறும். கலந்த பிசினை ஆழமான கிண்ணத்திலேயே வைத்திருக்காதீர்கள். குவியலாக இருந்தால் வினையின் சூடு வெளியே போக வழியில்லாமல் புகையத் தொடங்கும். அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள்.

கண்ணாடிமேல் மெல்லிய பிசின் படலம், அதன்மேல் ஒரே திசையில் சீவிய நார், மறுபடி பிசின், மறுபடி நார். ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் அழுத்தி, காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். நார் நனைந்ததா என்பதை நிறமே சொல்லும்; நனையாத நார் வெள்ளையாக நிற்கும், நனைந்தது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத் தெரியும். கடைசியில் மேல் கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்கி, மேலே இரண்டு செங்கல். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு பிசின் செய்தவர் தரும் தாளில் சொன்ன வெப்பத்தில், சொன்ன நேரம் அடுப்பில் வைத்து முழுமையாக இறுக வையுங்கள்.

உடைப்பதற்கு முன் எடை

தகட்டின் ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு நடுத் துண்டின் எடையையும் அளவுகளையும் எடுங்கள். மேலே போட்ட கணக்கின்படி காற்றே இல்லாத தகட்டின் அடர்த்தி 1.19 இருக்க வேண்டும். உங்களுக்கு 1.09 வந்தால், குறைந்த 0.10-ஐ 1.19-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.4 சதவீதம். அவ்வளவு வெற்றிடம் உள்ளே இருக்கிறது. அது மிக அதிகம். இந்த எண்ணை மறைத்துவிட்டு வலிமையைப் பற்றி மட்டும் எழுதும் ஆய்வேடுகள் உண்டு. அவற்றை நான் நம்புவதில்லை.

உடைத்தல்

ஆய்வகத்தில் இழுவிசை இயந்திரம் இருக்கும். வளைவுச் சோதனைக்கு ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி 790 தரப்படி தாங்கிகளுக்கு இடையே தடிமனைப் போல 16 மடங்கு தூரம். நம் 4 மி.மீ. தகட்டுக்கு 64 மி.மீ. அகலம் 12.7 மி.மீ. சோதிப்பதற்கு முன் 23 டிகிரி வெப்பத்தில், 50 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 40 மணி நேரம் வைக்கச் சொல்வது டி 618 தரம். டர்பனில் இதைத் தாண்டிக் குதிப்பவர்களின் எண்கள் மாதத்துக்கு மாதம் மாறும்.

இயந்திரத்துக்கு வரிசை நீளமாக இருக்கிறதா? வாளி போதும். இரண்டு மரச் சட்டங்களை 64 மி.மீ. இடைவெளியில் வைத்து, மேலே துண்டைக் கிடத்தி, நடுவில் கயிற்றால் ஒரு வாளியைத் தொங்கவிடுங்கள். குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முறியும்வரை ஊற்றி, வாளியை எடை போடுங்கள். 8.16 கிலோவில் முறிந்தால் விசை 80 நியூட்டன். மூன்றை விசையாலும் தூரத்தாலும் பெருக்கி, இரண்டு மடங்கு அகலத்தாலும் தடிமனின் வர்க்கத்தாலும் வகுத்தால் ஏறத்தாழ 37.8 மெகாபாஸ்கல். குறைந்தது ஐந்து துண்டாவது உடையுங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டிய துண்டுகளையும் தனியாக உடைத்துப் பாருங்கள். அவை முறியும் எடையைப் பார்த்த பிறகு, திசை என்றால் என்ன என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இப்போது முறிந்த முகத்தை நல்ல உருப்பெருக்கியில் பாருங்கள், இல்லையென்றால் மின்னணு நுண்ணோக்கியில். குவாசுலு-நட்டால் (கே.இசட்.என்.) பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. நார் வழுக்கி உருவிக்கொண்டு வந்து, போன இடத்தில் சுத்தமான துளை இருந்தால் ஒட்டவில்லை. நார் அங்கேயே முறிந்து, அதன்மேல் பிசின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கிறது. சோடாவில் ஊறாத நாரில் ஒரு தகடும் ஊறிய நாரில் ஒரு தகடும் செய்து, இரண்டு முகத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நார் எவ்வளவு வலிமையானது, பிசின் எவ்வளவு வலிமையானது என்பதெல்லாம் பிறகுதான். பாரம் பிசினிலிருந்து நாருக்குப் போவது அந்த மெல்லிய எல்லையின் வழியாக மட்டுமே. எல்லை பலவீனமாக இருந்தால் உள்ளே இருக்கும் நார் வெறும் பயணிதான்.

தண்ணீரில் போட்டும் பாருங்கள். துண்டை 50 டிகிரியில் ஒரு நாள் காயவைத்து, எடை பார்த்து, 24 மணி நேரம் தண்ணீரில் முக்கி, துடைத்து, மறுபடி எடை. வெட்டிய ஓரத்தில் நாரின் வாய் திறந்திருப்பதால் தண்ணீர் அங்கிருந்துதான் முதலில் ஏறும். சில துண்டுகளின் ஓரத்தில் பிசின் பூசி ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் தனியாகத் தெரியும்.

வேறு பிளாஸ்டிக்கோடு செய்ய நினைத்தால்

நார் தாங்கும் வெப்பத்துக்குள் உருகும் பிளாஸ்டிக்காக எடுங்கள். தாவர நார் 200 டிகிரியைத் தாண்டினால் கருகத் தொடங்கும். பாலித்தீன் 110-லிருந்து 135-க்குள் உருகும், பாலிபுரொப்பிலின் 165 பக்கம், இரண்டும் சரி. தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் 250-ஐத் தாண்ட வேண்டும், வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் பாலிபுரொப்பிலினுக்குக் கூட ஒரு தனிக் கதை உண்டு: செகுண்டா என்ற ஊரில் நிலக்கரியை வாயுவாக்கி, அந்த வாயுவிலிருந்து உருவாக்கிய புரொப்பிலின்தான் அதன் முக்கிய மூலம். ஆனால் பாலிபுரொப்பிலினுக்குத் தண்ணீர் பிடிக்காது, நாருக்குத் தண்ணீர் என்றால் உயிர். இரண்டையும் சேர்த்துவைக்க மாலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரொப்பிலினைச் சில சதவீதம் கலப்பார்கள். அதன் ஒரு முனை நாரைப் பிடிக்கும், நீண்ட வால் பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும்.

இனி செயல்பாட்டுப் பக்கம்

தகடு உடைத்துப் பழகிவிட்டீர்களா, இப்போது மின்சாரம் கடத்தும் பாலிமருக்கு வரலாம். பிளாஸ்டிக் என்றாலே மின்சாரம் கடத்தாது என்பதுதான் பழைய பாடம். ஷிராகாவா, மெக்டையர்மிட், ஹீகர் மூவரும் 1977-ல் பாலிஅசிட்டிலீனுக்கு அயோடினைக் காட்டி அதைப் பெருமளவு கடத்த வைத்தார்கள். 2000-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த வழி கடினமானது. எளிய வழி, கடத்தாத பாலிமரில் கார்பன் கறுப்பை, அதாவது மிக நுண்ணிய கரித்தூளை, கலப்பது.

ஆற்றில் நடக்கக் கல் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கல் போட்டாலும் அக்கரை போக முடியாது, இருபதிலும் முடியாது. ஏதோ ஓர் எண்ணிக்கையில் ஒரு பாதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை சட்டென்று சேர்ந்துவிடும். கார்பன் துகளும் அப்படித்தான். எடையில் 1, 2, 3, 5, 8 சதவீதம் என்று ஐந்து பட்டைகள் செய்து மல்டிமீட்டரை வைத்தால், முதலில் கருவி எண்ணே காட்டாது. ஓரிடத்தில் மின்தடை தடாலென்று பல ஆயிரம் மடங்கு இறங்கும். அந்த இடத்தைப் பெர்கோலேஷன் வாசல் என்கிறோம். எந்தச் சதவீதத்தில் வரும் என்பது கார்பனின் வகையையும் நீங்கள் கலக்கிய விதத்தையும் பொறுத்தது. கடத்துதிறனுக்கென்று விற்கும் கார்பனைத்தான் வாங்க வேண்டும். விளக்குக் கரி எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். தூள் காற்றில் பறக்கும், நல்ல முகக்கவசம் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

இதே கையோடு ஈரத்தை அளக்கும் உணரி ஒன்று செய்யலாம். பாலிவினைல் ஆல்கஹால் 10 கிராமை 90 கிராம் தண்ணீரில், 90 டிகிரி சூட்டில் பொறுமையாகக் கரையுங்கள். பொறுமை இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். ஆறியதும் கார்பனைக் கொஞ்சம் கரைசலோடு கல்வத்தில் அரைத்து, பிறகு மொத்தத்தில் கலக்குங்கள். வாசலைச் சற்றே தாண்டிய அளவு கார்பன் போதும். ஒரு பிளாஸ்டிக் தாளில் இரண்டு செம்பு நாடாவை ஒரு செ.மீ. இடைவெளியில் ஒட்டி, அவற்றை இணைக்கும்படி கறுப்புக் கரைசலை மெல்லியதாகத் தடவி, காயவிடுங்கள். மல்டிமீட்டரை மாட்டி, அதன்மேல் ஹா என்று ஊதுங்கள். மூச்சின் ஈரத்தைக் குடித்துப் பாலிமர் உப்பும், கார்பன் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று நகரும், தடை ஏறும். ஊதுவதை நிறுத்தினால் மெல்ல இறங்கும். சிலருக்குத் தடை ஏறாமல் இறங்கும்; கார்பன் வாசலுக்குக் கீழே இருந்தால், உறிஞ்சிய தண்ணீரில் அயனிகள் நகர்ந்து மின்சாரத்தைக் கொண்டுபோகும், அதனால் அப்படி ஆகும். அதுவும் உணரிதான், வேறு வகை. எது உங்களுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அளவீடு செய்யாமல் விட்டால் அது விளையாட்டுச் சாமானாகவே நின்றுவிடும். மூடியுள்ள இரண்டு ஜாடி எடுங்கள். ஒன்றில் சமையல் உப்பைக் கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டுக் கொஞ்சம் தண்ணீர். 25 டிகிரியில் அந்த ஜாடிக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மற்றதில் மெக்னீசியம் குளோரைடு, அதில் 33 சதவீதம். உணரியைத் தண்ணீரில் படாமல் உள்ளே தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எழுதுங்கள். மூன்று நாள் மாற்றி மாற்றி வையுங்கள். போகும்போது ஒரு எண், திரும்பும்போது வேறு எண் வந்தால் அந்த வித்தியாசத்தையும் எழுதுங்கள். பிறகு அதை நார் காயவைக்கும் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் ஒட்டிவிட்டு, காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் எண்ணைக் குறியுங்கள். நார்ப் பையை எந்த நேரத்தில் திறக்கலாம் என்று அந்த நோட்டுப் புத்தகமே சொல்லும்.